வார இறுதியில் மட்டும் பறந்து பைலட் ஆகிவிட முடியுமா?

கேள்வி, பிப்ரவரி 3, 2024

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அண்ணா. என் திட்டம் இது. சனி, ஞாயிறு மட்டும் பறந்தால்கூட, படிப்பு முடிவதற்குள் 200 மணி நேரமும் கமர்ஷியல் லைசென்ஸும் கைக்கு வந்துவிடும். பட்டம் வாங்கிய மறு மாதமே ஏர்லைனில் உட்காரலாம். எல்லோரும் படிப்பை முடித்துவிட்டு அப்புறம் இதற்கு வந்து இரண்டு வருடத்தை வீணாக்குகிறார்கள். நான் சொல்வதில் என்ன தப்பு?

பிப்ரவரி 3, இரவு

கணக்கில் தப்பு. வாரத்துக்கு இரண்டு மணி, நூறு வாரம், இரண்டு வருடம், படிப்பு முடியவும் இரண்டு வருடம் இருக்கிறது, கச்சிதமாகப் பொருந்துகிறது. உங்கள் வயதில் நானும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதே வகுத்தலைத்தான் போட்டு வைத்திருந்தேன். அதில் மேகத்துக்கு இடம் இல்லை, குறுக்குக் காற்றுக்கு இடம் இல்லை. ஐம்பது மணிக்கு ஒருமுறை, நூறு மணிக்கு ஒருமுறை விமானம் பரிசோதனைக்குப் போய் ஷெட்டில் நிற்கும், அதற்கும் இடம் இல்லை. செமஸ்டர் பரீட்சை எப்போதும் சனிக்கிழமையை ஒட்டியே வரும். இதெல்லாம் போக மிஞ்சுவது பாதி.

ஆனால் பெரிய ஓட்டை அது இல்லை, மறதிதான். சனிக்கிழமை கற்றுக்கொண்ட லேண்டிங் அடுத்த சனிக்கிழமைக்குள் கையை விட்டுப் போய்விடும். தரைக்குச் சில அடி மேலே மூக்கை எப்போது, எவ்வளவு தூக்க வேண்டும் என்பது புத்தியில் தங்கும் விஷயம் இல்லை, கண்ணிலும் மணிக்கட்டிலும் தங்குவது. ஒரு மணி நேர வகுப்பில் முதல் இருபது நிமிடம் போன வாரத்தைத் திரும்பத் தேடுவதிலேயே போகும், அந்த இருபது நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள். முதல் நான்கு மாதம் நான் வார இறுதிகளில் பறந்தேன். லாக்புக்கில் சேர்ந்தது 11 மணி. அப்புறம் ஒரு நீண்ட விடுமுறையில் தினமும் போனபோது அதே 11 மணிக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் கற்றதுதான் நின்றது. முன்னது பெரும்பாலும் தண்டம்.

அதனால் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். இந்த வழியில் இரண்டு வகை வேலைகள் உண்டு. ஒன்று வைத்தால் கெட்டுப்போவது, இன்னொன்று வைத்தாலும் கெடாதது. பறக்கும் பயிற்சி முதல் வகை. உடல் தகுதி உண்டா என்று தெரிந்துகொள்வது, கணக்கு, இயற்பியல், வானிலைப் பாடம், ஆங்கிலம், பட்டம் எல்லாம் இரண்டாவது. கல்லூரியில் இருக்கும்போது இரண்டாவது வகையை முடியுங்கள். பறப்பதை இடைவெளி இல்லாமல் பறக்க முடிகிற காலத்துக்கு மொத்தமாக ஒதுக்கி வையுங்கள்.

பிப்ரவரி 4

காலையில் படித்துப் பார்த்தால், எதை முதலில் செய்வது என்பதையே நேற்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். மெடிக்கல். அதாவது பறக்க உடல் தகுதி உண்டு என்ற சான்றிதழ், அதுவும் சம்பளத்துக்குப் பறப்பவர்களுக்கான கிளாஸ் 1. முதல் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கும், முதல் புத்தகம் வாங்குவதற்கும் முன்னால். சில நாடுகளில் சொந்தமாகப் பறப்பவர்களுக்கான கிளாஸ் 2 முடித்தால்தான் கிளாஸ் 1-க்குப் போகவே விடுவார்கள். அங்கே இரண்டையும் அடுத்தடுத்து முடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 9

"கண்ணாடி போட்டிருக்கிறேன், எனக்கு வாய்ப்பே இல்லை" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த வதந்தி எனக்கும் ஒரு வருடத்தைத் தின்றது. ஐசிஏஓ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி, ஒவ்வொரு கண்ணிலும் பார்வை 6/9, இரண்டும் சேர்ந்து 6/6, கண்ணாடி போட்டோ போடாமலோ. நான் கண்ணாடியோடுதான் பறக்கிறேன், என் பக்கத்தில் உட்காரும் கேப்டன்களில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்கள்.

ஆளைக் கவிழ்ப்பது நிறப் பார்வை. இஷிஹாரா அட்டைகள் தெரியும் அல்லவா, புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும். என்னோடு படித்த ஒருவன் முதலில் கிளாஸ் 2 எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பறக்க ஆரம்பித்தான், நாற்பது மணிக்கு மேல் பறந்தும்விட்டான். கிளாஸ் 1-க்குப் போன அன்று அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்த மருத்துவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி "இதில்?" என்று கேட்டிருக்கிறார். இவன் "இதில் எண்ணே இல்லையே சார்" என்றிருக்கிறான். இருபது வயது வரைக்கும் பச்சையையும் சிவப்பையும் தான் வேறு மாதிரி பார்க்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. அதற்கப்புறமும் வேறு சோதனைகள் உண்டு, அட்டையில் தோற்றவர்கள் அவற்றில் தேறியதும் உண்டு. அவன் தேறவில்லை. இப்போது விமான நிலைய வடிவமைப்பில் வேலை செய்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த நாற்பது மணிக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

இன்னொன்று, யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை, தனியாகத்தான் கேட்கிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டது, கவனக்குறைவுக்குச் சிகிச்சை எடுத்தது, சின்ன வயதில் வலிப்பு வந்தது. சொல்லிவிடுங்கள். சிலவற்றுக்கு வழி இருக்கிறது. சில மனச்சோர்வு மாத்திரைகளை எடுத்துக்கொண்டே பறக்க அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ 2010-லிருந்து நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. மறைத்துப் பிடிபட்டால், நோய்க்கு இருந்த மன்னிப்பு பொய்க்குக் கிடைக்காது. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் விமான மருத்துவர் ஒருவரிடம் வெறும் ஆலோசனையாகப் பேசிப் பாருங்கள், அது பதிவில் ஏறாது.

பிப்ரவரி 9, பின்னிரவு

கடைசி வரியைத் திருத்துகிறேன். "பதிவில் ஏறாது" என்று நான் உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. விண்ணப்பம் போடாமல் ஆலோசனை மட்டும்தான் வேண்டும் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பிப்ரவரி 20

எந்தப் பட்டம் படிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு: பிடித்ததைப் படியுங்கள். ஐசிஏஓ விதியில் லைசென்ஸுக்குப் பட்டம் என்று ஒரு நிபந்தனையே கிடையாது. இந்தியாவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ கேட்பது பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும். அமெரிக்காவில் டெல்டா ஏர்லைன் 2022 ஜனவரியில் நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்பதைக் கைவிட்டது. அப்படியானால் பட்டம் எதற்கு? ஏர்லைன் ஆள் எடுக்காத வருடங்களுக்கு. 2001 செப்டம்பருக்குப் பின், 2008-க்குப் பின், 2020-ல் என்று கதவு சாத்தப்பட்ட காலங்களைப் பாருங்கள், பயிற்சியை முடித்து வெளியே வந்தவர்களின் தப்பு எதுவும் அதில் இல்லை. கையில் வேறு ஒரு வேலை தெரிந்தவன் கடன் தவணையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான், தெரியாதவன் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டினான்.

விமானவியல் பட்டமே படித்தால் ஆகாதா? ஆகும், நன்றாகவே இருக்கும். என் குறை ஒன்றுதான். ஏர்லைன் உலகம் படுத்தால் உங்கள் பட்டமும் கூடவே படுக்கும். குடையையும் மழைக்கோட்டையும் ஒரே பையில் வைத்துத் தொலைப்பதுபோல.

பிப்ரவரி 21

ஒருவர் சரியாகப் பிடித்தார், நேற்று பாதியைத்தான் சொன்னேன். அமெரிக்காவில் விமானவியல் பட்டத்துக்கு நேரடியான பலன் ஒன்று உண்டு. அங்கே ஏர்லைனில் கோ-பைலட்டாக உட்காரவே 1500 மணி வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் அந்த இளநிலைப் பட்டத்தைப் பயிற்சியோடு சேர்த்து முடித்தவர்களுக்கு அது 1000. ஐந்நூறு மணி என்பது சாதாரண விஷயமா? அங்கே போகிறவர்களுக்கு நான் சொன்ன குடைக் கதை பொருந்தாது, வாபஸ்.

மார்ச் 2

"1500 மணியா, 200 மணியா, ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்று ஒரு குழப்பம். இரண்டும் சரிதான், இரண்டு வேறு லைசென்ஸ்கள். கமர்ஷியல் லைசென்ஸ், அதாவது சிபிஎல், ஐசிஏஓ கணக்கில் 200 மணி, அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி என்றால் 150. அமெரிக்காவில் சாதாரண வழியில் 250. ஏடிபிஎல் எனப்படும் ஏர்லைன் லைசென்ஸ் 1500 மணி, அது கேப்டன் ஆவதற்கு. உலகத்தின் பெரும்பகுதியில் 200 மணியோடு, ஓட்டப்போகும் விமான ரகத்துக்கான டைப் ரேட்டிங்கும் முடித்து கோ-பைலட்டாக உட்காரலாம், மீதியை அந்த இருக்கையிலேயே சேர்க்கலாம். அமெரிக்காவில் மட்டும் கோ-பைலட்டுக்கும் 1500 என்று ஆனது 2013-லிருந்து.

அதற்குக் காரணம் 2009 பிப்ரவரி 12-ல் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407. ஐம்பது பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் வீட்டில் இருந்தவர். வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கண்ட்ரோலை முன்னே தள்ளுவதற்குப் பதில் பின்னே இழுத்தார். இதன் வேடிக்கை என்னவென்றால் அந்த இரண்டு பைலட்டுகளிடமும் 1500-க்கு மேல் மணி இருந்தது, கேப்டனிடம் 3000-க்கும் மேல். மணிக்கணக்கை ஏற்றியது சரியா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. என் அபிப்பிராயம் கேட்டால், ரன்வேயைச் சுற்றி வரும் ஒரே சர்க்யூட்டை ஆயிரம் தடவை சுற்றியவனிடம் இருப்பது ஒரு மணி அனுபவத்தின் ஆயிரம் நகல். ஆனால் அந்த ஆயிரம் மணியை இன்ஸ்ட்ரக்டராக இருந்து சேர்த்தவர்கள் வேறு ரகம். நடுங்கும் மாணவன் விமானத்தைக் கவிழ்க்கப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று தினமும் முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

மார்ச் 2, சற்றுப் பிறகு

200 மணி என்றால் 200-ம் ஒரே மாதிரி இல்லை. அதில் 100 மணி நீங்களே விமானத்துக்குப் பொறுப்பான பைலட் இன் கமாண்டாக, வேறு ஊர்களுக்குப் பறந்து போகும் கிராஸ்-கண்ட்ரி 20 மணி, ஒரே பயணத்தில் 300 நாட்டிகல் மைல் பறந்து வழியில் இரண்டு வேறு நிலையங்களில் முழுமையாக இறங்க வேண்டும். இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் என்று தனித்தனிப் பெட்டிகள். மொத்தம் சேர்ந்தும் ஒரு பெட்டி காலியாக இருந்து, மறுபடியும் பணம் கட்டிப் பறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லாக்புக்கை வாராவாரம் கூட்டுங்கள். பென்சிலால் கூட்டி, சரிபார்த்துவிட்டுப் பேனாவால் எழுதுங்கள்.

மார்ச் 17

பணம். தொகை சொல்லமாட்டேன், இடத்துக்கு இடம் மாறும். ஒன்று மட்டும் சொல்கிறேன், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். நான் கட்டினேன். பள்ளியில் மூன்று விமானங்கள் என்றார்கள், மூன்றும் புகைப்படத்தில் வரிசையாக நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றில் என்ஜின் இல்லை, இன்னொன்றின் என்ஜின் முதலாவதற்கு வரப்போவதாகப் பேச்சு. பறக்கிற ஒன்றுக்கு இருபத்திரண்டு மாணவர்கள். ஏழு வாரம் தரையிலேயே இருந்தேன், தினமும் காலை ஐந்தரைக்குப் போய் வெள்ளைப் பலகையில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. கணக்கில் பணம் இருந்ததால் கோபித்துக்கொண்டு வேறு இடம் போகவும் முடியவில்லை. பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.

சேருவதற்கு முன் ஒருநாள் சும்மா போய் உட்காருங்கள். எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை கிளம்பின என்று எண்ணுங்கள். வரவேற்பில் இருப்பவரை விட்டுவிட்டு, காத்திருக்கும் மாணவர்களிடம் "எப்போது சேர்ந்தீர்கள், எத்தனை மணி ஆச்சு" என்று கேளுங்கள். அவர்கள் சிரித்தால் கிளம்பிவிடுங்கள்.

ஏப்ரல் 6

ஒரு பெண் எழுதியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே, வார இறுதிகளில் மட்டும் பறந்து 54 மணியில் பிபிஎல், அதாவது சம்பளம் வாங்காமல் சொந்தமாகப் பறப்பதற்கான லைசென்ஸ், முடித்தாராம், ஒன்றரை வருடத்தில். "நீங்கள் சொல்வது போல எல்லாம் மறந்துபோகவில்லை" என்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். பிபிஎல் என்பது 40 மணியில் தொடங்குவது, தூரம் குறைவு, அவர் வாரத்துக்கு ஒரு நாளும் விடவில்லை என்று தெரிகிறது, நடுவில் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சோதனைப் பட்டியலையும் கையால் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்ப்பாராம். அது ரொம்ப நல்ல பழக்கம். நான் அதைச் செய்யவில்லை, அதனால்தான் என் 11 மணி கரைந்தது போலிருக்கிறது. அப்போது என் குறையை விதியாக்கி உங்கள் தலையில் கட்டிவிட்டேனோ?

பாதி ஆம். வார இறுதியில் பிபிஎல் வரை போகலாம். அதற்கப்புறம் வரும் கருவிப் பயிற்சிக்கு இடைவெளி ஆகவே ஆகாது என்பதில் மட்டும் நான் அசையமாட்டேன். தலையில் மறைப்பு மாட்டி வெளியே தெரியாமல் செய்துவிட்டு ஆறு கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கச் சொல்வார்கள். நேராகப் பறந்துகொண்டிருக்கும்போதே விமானம் இடப்பக்கம் சாய்வதாக உள்காது சத்தியம் செய்யும், கருவி நேராக இருக்கிறது என்று சொல்லும், நீங்கள் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். இந்தப் பழக்கம் இரண்டு வாரம் விட்டால் போய்விடும்.

ஏப்ரல் 7

இன்னொரு திருத்தம், இதுவும் என் முதல் பதிவுக்குத்தான். பாடம் கெடாது என்று எழுதினேன். பாடம் கெடாது, பரீட்சை கெடும். அமெரிக்காவில் பிபிஎல், சிபிஎல் எழுத்துத் தேர்வில் தேறியது 24 மாதம்தான் செல்லும், அதற்குள் பறக்கும் தேர்வை முடிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஏடிபிஎல் பாடங்கள் 13, முதல் தேர்வு எழுதிய மாத முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றிலும் தேற வேண்டும். தேறிய பிறகு 36 மாதத்துக்குள் கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே கல்லூரியில் இருக்கும்போது படியுங்கள், ஆனால் பறக்கப் பணம் தயாராகும் தேதி தெரியாமல் தேர்வுக்குப் பதிவு செய்யாதீர்கள். படிப்பதற்கு அவசரம் உண்டு, எழுதுவதற்கு இல்லை.

ஏப்ரல் 29

கணக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு பயந்த கேள்வி. கால்குலஸ் வேண்டாம். வாய்க்கணக்கு வேண்டும், அதுவும் பேசிக்கொண்டிருக்கும்போதே. 35,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? 35-ஐ மூன்றால் பெருக்கினால் 105 நாட்டிகல் மைல், அதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், பின்காற்று இருந்தால் இன்னும் முன்னால். ரன்வேயை நோக்கி 140 நாட், அதாவது மணிக்கு 140 நாட்டிகல் மைல், தரைவேகத்தில் வருகிறீர்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? ஐந்தால் பெருக்குங்கள், 700. காற்று 20 நாட், ரன்வேயிலிருந்து 30 டிகிரி விலகி வருகிறது, குறுக்குக் காற்று பாதி, 10. அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது போட்டுப் பாருங்கள், செலவில்லாத பயிற்சி. மூன்றாம் மாதத்தில் விடை தானாக வாயில் வரும், அப்போது இன்னொருவரோடு பேசிக்கொண்டே போட்டுப் பாருங்கள், மறுபடி தப்பும். காக்பிட்டில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மே 1

வீட்டுக் கணினி சிமுலேட்டர் நல்லதா? ரேடியோ பேசவும், எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்று பழகவும் நல்லது. கெடுதல் ஒன்று உண்டு, கண் திரைக்குள் இருக்கும் கருவியிலேயே ஒட்டிக்கொள்ளும். என் இன்ஸ்ட்ரக்டர் சிமுலேட்டர் பையன்களை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார், கருவிப் பலகை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு "இப்போது ஓட்டு" என்பார்.

மே 1, மறுபடி

சீருடை எங்கே வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: கேப்டனின் நான்கு கோடு போட்ட தோள்பட்டைப் பட்டி இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். கோ-பைலட்டின் மூன்று கோடு மேலே ஏறத்தான் நாளாகும்.

ஜூன் 15

முதல் சோலோ, அதாவது முதல் தனிப் பறப்பு, பற்றி எழுதச் சொன்னீர்கள். திட்டத்தோடு சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்று லேண்டிங் முடிந்ததும் இன்ஸ்ட்ரக்டர் "ஓரமாக நிறுத்து" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, ஆளில்லாத இருக்கையின் மேல் பெல்ட்டை மறுபடி பூட்டி, அது கண்ட்ரோலில் மாட்டாதபடி இறுக்கி, கதவைச் சாத்தினார். எதுவும் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கதவின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் அவர் ஒன்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, வேண்டுமென்றே என்று பின்னால் தெரிந்தது. ஒரு ஆளின் எடை குறைந்தால் செஸ்னா மாதிரிச் சின்ன விமானம் வேறு விமானம் ஆகிவிடும். வழக்கமாக எழும்பும் இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே அது தரையை விட்டது. ஆயிரம் அடியில் சமன் செய்ய வேண்டும், நான் வலப்பக்கம் காலியான இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினால் 1150. இறங்கும்போது தரைக்கு மேல் மிதந்துகொண்டே போனது, உட்காரவே மாட்டேன் என்றது. ஆறு நிமிடம் இருக்கும் மொத்தம். நிறுத்திவிட்டு இறங்கினால் முழங்கால் நடுங்கியது, பயத்தில் என்று நினைத்தேன், பார்த்தால் காலால் மிதிக்கும் ரடர் பெடலை அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பறப்பதை மொத்தமாக ஒதுக்கி வையுங்கள் என்ற என் அறிவுரையை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடச் சின்ன விமானத்தில் ஏறாமல் நான்கு வருடம் திட்டம் மட்டும் போடாதீர்கள். ஒரு அறிமுகப் பறப்பு, அரை மணி, மெடிக்கல் முடிந்த கையோடு. மதிய வெயிலில் ஏறுங்கள், அப்போதுதான் அது குலுக்கும். வாந்தி வரும், தப்பில்லை, எனக்கும் வந்தது. அதற்கப்புறமும் மறுபடி ஏறத் தோன்றுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

செப்டம்பர் 8

கேடட் திட்டங்கள் பற்றி நிறையக் கேள்விகள், சுருக்கமாக எழுதுகிறேன். ஏர்லைனே பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது நல்ல விஷயம், தேர்வில் தேறாவிட்டால் பணம் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள்: முடித்தால் வேலை "தரப்படும்" என்றிருக்கிறதா, "பரிசீலிக்கப்படும்" என்றிருக்கிறதா. எம்பிஎல் எனப்படும் லைசென்ஸ் வழி என்றால் இன்னும் கவனம். அந்த லைசென்ஸ் 2006-ல் வந்தது, 240 மணி, அதில் பெரும்பகுதி சிமுலேட்டர், குறிப்பிட்ட ஏர்லைனின் கோ-பைலட் வேலைக்கென்றே தைத்த சட்டை. ஏர்லைன் படுத்தால் வேறு இடத்தில் அந்தச் சட்டை சரியாக உட்காராது, தனியாகச் சின்ன விமானத்தை வேலைக்கு ஓட்டவும் அது மட்டும் போதாது.

செப்டம்பர் 22

பட்டம் வாங்கிய மறு மாதமே ஏர்லைன் என்று முதல் கேள்வியில் இருந்ததை இத்தனை மாதமாக நான் தொடவே இல்லை. லைசென்ஸ் வாங்கிய பிறகு எனக்கு 26 மாதம் ஆனது. அந்த 26 மாதத்தில் லைசென்ஸ் அலமாரியில் சும்மா இருக்காது, அதற்குத் தீனி போட வேண்டும். பயணிகளோடு பறக்க வேண்டுமென்றால் 90 நாளுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான கருவி ரேட்டிங்கைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். மெடிக்கல் என் வயதில் வருடத்துக்கு ஒருமுறை. நான் பகலில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதினேன், படித்த பட்டம் அதற்குத்தான். மாதச் சம்பளத்தில் ஒரு மணி நேரம் பறந்தேன், அந்த ஒரு மணியையும் சொகுசாகச் சுற்றாமல் லேண்டிங், ஸ்டால், என்ஜின் நின்றால் எங்கே இறக்குவது என்று செலவழித்தேன். அழைப்பு வந்தபோது சிமுலேட்டர் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. என்னோடு லைசென்ஸ் வாங்கிய ஆறு பேரில் மூன்று பேர் அதற்குள் கையைத் துருப்பிடிக்க விட்டிருந்தார்கள், பதினொரு நாளில் அதைத் தேய்த்து எடுக்க முடியவில்லை.

2022-ல் அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல் ஏர்லைன்கள் அலைந்தன, 2024-ல் பார்த்தால் அங்கே பலரும் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு வருட இடைவெளி. நீங்கள் இன்று சேர்ந்து முடிக்கும்போது எந்தப் பக்கம் இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவர் எதையோ விற்கிறார். "இப்போது சேராவிட்டால் வாய்ப்பு போய்விடும்" என்று தொலைபேசியில் சொல்பவர்களும் இதில் சேர்த்தி. ஏர்லைனில் சேர்ந்த வரிசைப்படி வரும் சீனியாரிட்டி எண் சீக்கிரம் வாங்குவது முக்கியம்தான், 65 வயதில் எல்லோரும் இறங்க வேண்டும், ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன் கடைசிவரை ஒரு வருடம் முன்னால்தான் நிற்பான், அதை மறுக்கவில்லை. ஆனால் கடனோடு, கை துருப்பிடித்து, ஒரு வருடம் முன்னால் போய் மூடிய கதவுக்கு வெளியே நிற்பதில் என்ன லாபம்?

அக்டோபர் 19

முதல் கேள்வி கேட்ட தம்பி இன்று எழுதியிருக்கிறார். வார இறுதித் திட்டத்தை விட்டுவிட்டாராம், முழுக்க இல்லை, பிபிஎல் வரை மட்டும் வைத்துக்கொள்கிறாராம், ஏப்ரலில் எழுதிய அந்தப் பெண்ணின் வழி. மீதி பட்டத்துக்குப் பிறகு, தொடர்ச்சியாக. என்னைவிட அவர் யோசித்தது நன்றாக இருக்கிறது. அறிமுகப் பறப்பில் வாந்தி எடுத்தாராம், மறுநாளே அடுத்த தேதி கேட்டாராம். கிளாஸ் 1 போன வாரம் வந்துவிட்டது, கண்ணாடி அணிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. "இனி அடுத்து என்ன அண்ணா?" என்று கேட்கிறார்.

அடுத்து, அந்தச் சான்றிதழில் நிபந்தனை இருக்கும் கட்டத்தை இன்னொருமுறை படியுங்கள் தம்பி. கண்ணாடி போடுவது மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு கண்ணாடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாளைக்கே அதே பவரில் இன்னொன்று செய்து பறக்கும் பைக்குள் போட்டுவிடுங்கள். மடக்குகிற பெட்டி வேண்டாம், கெட்டிப் பெட்டி. என் முதல் உதிரிக் கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்தேன்.